முதலில் ஒரு காப்புப் பிரதி

புதிதாக எதை நிறுவுவதானாலும் முதலில் ஒரு காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் புது போன் வாங்கி வந்தபோது சொன்னேன். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டே சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரிடமும் சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் எங்கள் கல்யாணப் படங்களில் பாதி இன்றைக்கு இல்லை.

நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி, காகிதமும் பேனாவும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள், நன்றி. எழுதுவது எனக்குப் புதிதில்லை. எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது எது நின்றுபோனது என்று எழுதித்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

டேப்லெட்டுகளுக்கு இயங்குதளம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. புதுப் பதிப்பு முழுதாக வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே அதன் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, வெளியே விடுவோம். ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள் ஆசை ஆசையாக எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். போட்டதும் வங்கிச் செயலி திறக்காது, பிரின்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பேட்டரி மத்தியானத்துக்குள் மண்டையைப் போடும். எந்தச் செயலி புது இயங்குதளத்தோடு ஒத்துப்போகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குறை எழுதுவது என் பிரிவு. 'அன்றாடம் பயன்படுத்தும் கருவியில் இதை நிறுவ வேண்டாம்' என்று பீட்டாவோடு ஒரு எச்சரிக்கை வரும். தமிழில் அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான்.

என் மனைவிக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. "முழுசா வேகறதுக்கு முன்னாடி எறக்கி வெச்சுட்டு, அடுத்தவங்க வயித்துல சோதிச்சுப் பாக்கறீங்க. அரைவேக்காடுன்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு பீட்டா கீட்டான்னு" என்பாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பீட்டாவுக்கு அரைவேக்காடு என்றே பெயர் ஆகிவிட்டது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தாள். பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுபவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில். "பிரேக் எங்கிட்ட இருக்கு, நீ தைரியமா ஓட்டு" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ நடுங்குகிற கைகளைச் சாலைக்குக் கொண்டுவந்தாள். வாய் ஓயாது. பிறந்த வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். சமையலறையில் ஒரு கதை ஆரம்பித்தால் அது கூடத்துக்கு வந்து, வாசல் வரை போய், திரும்பி வந்து முடியும். நான் அதிகம் பேசாதவன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசியது எனக்கு வசதியாக இருந்தது.

முதலில் கியரை மாற்றும்போது கை நழுவியது. பிறகு படியில் கால் நழுவியது. நரம்பு டாக்டர் பல பரிசோதனைகள் செய்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். தசைகள் ஒவ்வொன்றாக நிற்கும், பேச்சும் நிற்கும், கண் மட்டும் கடைசி வரை இருக்கும், மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகாது என்பதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். அப்போது நாங்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

குரல் போவதற்குள் அதைப் பிடித்து வைக்க முடியும் என்று சொன்னவர் பேச்சுப் பயிற்சியாளர். ஒரு உதவி அமைப்பில் வேலை பார்க்கும் இளம்பெண், கெட்டிக்காரி. கொடுக்கப்பட்ட வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், அதிலிருந்து மென்பொருள் அவள் குரலையே உருவாக்கிக்கொள்ளும். பிறகு எதை எழுதினாலும் அந்தக் குரலில் பேசும். வெளிச் சத்தம் விழக்கூடாது என்பதால் என் மனைவி துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்தாள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். "ஏங்க, உங்க சட்டைங்களுக்கெல்லாம் கதை சொல்லிட்டிருக்கேன், ஒண்ணுகூட கொட்டாவி விடல. உங்களைவிடத் தேவலை." அந்த வாக்கியத்தையும் மென்பொருள் பிடித்து வைத்துக்கொண்டது.

கை நின்று, பேச்சும் நின்ற பிறகு, டேப்லெட்டை ஒரு வளைகிற கையில் மாட்டி அவள் முகத்துக்கு நேரே நிறுத்தினோம். அதன் அடியில் பட்டையாக ஒரு கேமரா. அவள் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்தை அது எடுத்துக்கொள்ளும். எழுத்து சொல்லாகி, சொல் வாக்கியமாகி, அவள் குரலில் வெளியே வரும். திரையின் மூலையில் பெரிய சிவப்புக் கட்டம் ஒன்றை அவளே கேட்டு வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தால் போதும், "பிரேக்" என்று சத்தமாக ஒலிக்கும். புரட்டிப் படுக்க வைக்கும்போது கை மடங்கிக்கொண்டால் பிரேக். கஞ்சி சூடாக இருந்தால் பிரேக். நான் அலுவலகக் கதையை இழுத்தாலும் பிரேக். முதல் நாள் அவள் குரல் அந்தப் பெட்டியிலிருந்து "ஏங்க, மறுபடியும் ஆரம்பிச்சுட்டேன்" என்று சொன்னபோது பயிற்சியாளர் பெண் அழுதாள். நானும் அழுதேன்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

சாப்பிடும்போது பேசினால் புரையேறும் என்பதால் அந்த நேரத்தில் டேப்லெட்டை ஒதுக்கி வைத்தேன். டாக்டரும் சரி என்றார். நான் அலுவலக அழைப்பில் இருக்கும்போது ஒலியைக் குறைத்தேன். நாள் முழுக்க திரையைப் பார்த்தால் கண் வறண்டுபோகும், அவளுக்கு மிச்சம் இருப்பது கண் மட்டும்தான், அதனால் சாயங்காலத்தில் அந்த வளைகிற கையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க ஆரம்பித்தேன். யாராவது பார்க்க வந்தால், அவள் எழுத்து எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் சங்கடப்பட்டு நெளிவார்கள். அதனால் அவள் சொல்ல வருவதை நானே முடித்துச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இல்லாதபோது பிரேக் என்பாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அவள் எழுதி அனுப்பும் செய்திகள் என் மின்னஞ்சல் வழியாகப் போகும்படி வைத்திருந்தேன். தேவையில்லாத ஆட்கள் தொல்லை கொடுக்கக் கூடாது பாருங்கள். இப்போது எழுதிப் பார்க்கையில் இதெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் எதுவும் அப்படித்தான் தெரியும்.

ஒருநாள் காலையில், நான் வேலைக்கு அமர்த்தியிருந்த நர்ஸ் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது நான் டேப்லெட் திரையைத் துடைத்தேன். துணி பட்டு 'என்னை' என்று ஒரு சொல் விழுந்தது. இந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அடிக்கடி எழுதுவதைக் கற்றுக்கொண்டு, அடுத்த சொல் இதுவாக இருக்கும் என்று தானே ஊகித்து மேலே காட்டும். கண்ணுக்கு வேலை மிச்சம். 'என்னை'க்குப் பிறகு அது 'கூட்டிட்டு' என்று காட்டியது. தொட்டேன். 'போயிடு' என்றது. அதையும் தொட்டேன். 'அவருக்கு' என்றது. பிறகு 'தெரிய'. பிறகு 'வேண்டாம்'.

ஒரு தடவை எழுதினால் அது கற்றுக்கொள்ளாது. பல நாள், பல தடவை எழுதி, என் கண்ணில் படாமல் அழித்திருக்கிறாள். எதற்கு என்று யோசித்தேன். நர்ஸிடம் சொன்னால் அது என் காதுக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவள் தங்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. நான் காப்பி போட உள்ளே போகும் சின்ன இடைவெளியில், ஐந்தாறு பார்வையில், முழு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குப் பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறாள். கற்றுக்கொடுப்பதில் அவளுக்கு எப்போதும் பொறுமை அதிகம்.

நான் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். 'இருந்தா' என்றது. 'பேச' என்றது. 'பயமா' என்றது. 'இருக்கு' என்றது.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கஞ்சி ஊட்டி, நகம் வெட்டி, தலை வாரி, ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டவன் நான். என்னைக் கண்டு பயமாம். நான் எல்லாவற்றையும் அழித்துத் திரையைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். நர்ஸ் அவளைத் துடைத்துச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தபோது "வாங்க மகாராணி" என்று சொன்னேன். அவள் கண்கள் திரைக்குப் போயின. "துடைச்சீங்களா" என்றது குரல். "ஆமா, ஒரே தூசி" என்றேன்.

அந்த வாரம் அலுவலகத்தில் புது பீட்டாவைச் சோதித்துக்கொண்டிருந்தோம். உதவிக் கருவிகள் என் பொறுப்பில் இருந்தன. கண் கேமரா பட்டையைப் புது இயங்குதளம் அடையாளமே கண்டுகொள்ளவில்லை. பேச்சு மென்பொருள் திறந்தது, வெள்ளைத் திரை காட்டியது, மூடிக்கொண்டது. நான் அதைக் குறிப்பில் எழுதினேன்: கண்ணால் இயக்கும் பேச்சு மென்பொருள் இந்தப் பதிப்பில் இயங்காது, அதைச் சார்ந்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் நிறுவ வேண்டாம். என் மேலாளர் பெண்மணி படித்துவிட்டு, "இதைத் தடிச்ச எழுத்துல போடுங்க, பாவம் யாராவது தெரியாம போட்டுத் தொலைக்கப் போறாங்க" என்றார். தடித்த எழுத்தில் போட்டேன்.

சனிக்கிழமை காலை நர்ஸுக்கு விடுமுறை கொடுத்தேன். நல்ல வெயில் அடித்தது. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, டேப்லெட்டை என் பக்கம் திருப்பினேன். பீட்டா தானாக இறங்குவதில்லை. கணக்கில் பதிவு செய்துகொள்ள வேண்டும், எச்சரிக்கையைப் படிக்க வேண்டும், 'அபாயங்களைப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். கருவியின் சொந்தக்காரர் ஒப்புக்கொள்கிறார் என்பதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். அதற்காக டேப்லெட்டை அவள் பக்கம் மறுபடி திருப்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது ஒத்துக்கொண்டது, பதிப்பு இறங்கி முடியும்வரை பேச்சுத் திரைக்கே திரும்பியது.

"என்ன பண்றீங்க" என்று கேட்டாள்.

"ஒரு அப்டேட். உன் நல்லதுக்குத்தான்."

அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். நான் காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அரைவேக்காடா" என்றாள்.

இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

"தங்கச்சி வந்துட்டுப் போகட்டும். அப்புறம் போடுங்க" என்றாள். பிறகு சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். "பிரேக்" என்றது. மறுபடியும் "பிரேக்" என்றது. நான் 'நிறுவு' என்பதைத் தொடும்வரை அது சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு திரை கறுத்து, ஒரு கோடு மெல்ல நிறையத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்பே காப்புப் பிரதி எடுத்தேனா என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் தங்கை வந்தாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து அக்கா மடியில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மாமா, அக்கா ஒண்ணுமே பேச மாட்டேங்கறா?"

"அப்டேட் ஒண்ணு அதுவா எறங்கிடுச்சும்மா. கேமராவை எடுத்துக்க மாட்டேங்குது."

"உங்க கம்பெனி சமாச்சாரம்தானே, உங்களால சரி பண்ண முடியாதா?"

"பாக்கறேன். நாளாகும்."

"குரல்? அலமாரிக்குள்ள உக்காந்து பேசினாளே, அது?"

"அதுவும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. போயிடுச்சு."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள். எனக்கும் துக்கமாக இருந்தது. அது நடிப்பில்லை.

வேறு டேப்லெட் வாங்கலாமே என்றாள். கேமராவை அவள் கண்ணுக்குப் பழக்கிப் பொருத்த பயிற்சியாளர் வர வேண்டும், அவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார் என்றேன். அது உண்மை. மாற்று ஆளைக் கேட்கலாமே என்றாள். கேட்டிருக்கிறேன் என்றேன். அது உண்மையில்லை.

பிறகு அவள் அக்கா முகத்துக்கு நேரே குனிந்து, "அக்கா, நான் கேக்கறதுக்கு ஆமான்னா கண்ணை மூடித் தெற" என்றாள். இது எனக்கு முன்பே தோன்றியிருந்தது. "நோய் இப்ப இமைக்கு வந்துடுச்சும்மா. சும்மாவே மூடி மூடித் தெறக்குது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். என் மனைவி கண்களை இறுக மூடினாள், திறந்தாள், மூடினாள், திறந்தாள். "பாத்தியா, இப்படித்தான்" என்றேன்.

இப்படிக் கருவி நின்றுபோகும் சமயத்துக்கென்று பயிற்சியாளர் ஒரு எழுத்துப் பலகை கொடுத்து வைத்திருந்தார். கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரியும் பிளாஸ்டிக் தகடு, ஓரமெல்லாம் எழுத்துகள். இரண்டு பேர் முகத்துக்கு நடுவே பிடித்துக்கொண்டு, பேச முடியாதவர் கண் எந்த எழுத்துக்குப் போகிறது என்று இந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். பழகினால்தான் வரும். எனக்கு வரும். தங்கை பிடித்துப் பார்த்தாள், குழம்பினாள், என்னிடம் கொடுத்தாள். நான் பலகையைப் பிடித்தேன்.

"அக்கா, என்கூட வந்து கொஞ்ச நாள் இருக்கியா?"

அவள் கண்கள் வேகமாக ஓடின. நான் எல்லாவற்றையும் படித்தேன். அந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்த அதே வாக்கியம்தான். நடுவில் தங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி எழுத்துக்கு வந்தாள்.

"இங்கேயே இருக்கேன், அவர் நல்லாப் பாத்துக்கறாரு, நீ கவலைப்படாம போயிட்டு வாங்கறா" என்றேன்.

"இவ்வளவு நீளமாவா சொன்னா?"

"பாதி சொன்னாப் போதும்மா, மீதி எனக்குத் தெரியும்."

தங்கை என்னைக் கும்பிட்டாள். "உங்களை மாதிரி யாரு மாமா பாத்துப்பாங்க" என்றாள். சாயங்கால வண்டியில் போய்விட்டாள். நான் பலகையைத் துடைத்து உறையில் போட்டேன். என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள். அதன்பிறகு நான் பலகையை எடுத்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கமாகிவிட்டது. இமைக்கு நோய் வந்துவிட்டதோ என்று நானே சில சமயம் நினைத்தேன்.

நர்ஸை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லாரும் மனம் நெகிழ்ந்தார்கள். வீடு அமைதியாக இருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பேன், தலை வாரிவிடுவேன், நாளெல்லாம் நடந்ததைச் சொல்வேன். கல்யாணமான புதிதில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். இப்போது முறை மாறியது. அந்த மாதங்களில் நாங்கள் நெருக்கமாக இருந்தோம் என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அடுத்த பீட்டாவில் அந்தக் குறை சரியாகிவிட்டது. கேமராவை இயங்குதளம் எடுத்துக்கொண்டது, பேச்சு மென்பொருள் திறந்தது. சாப்பாட்டு மேஜையில், அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அலுவலக டேப்லெட்டில் நானே சோதித்தேன். என் கண்ணாலேயே 'வணக்கம்' என்று எழுதினேன், கருவியோடு வரும் பொதுக் குரல் ஒன்று வணக்கம் சொன்னது. அந்தச் சத்தத்துக்கு அவள் கண் திறந்தது. மேஜையைத் தாண்டி அந்தக் கேமராப் பட்டையையே பார்த்தாள். நான் குறிப்பில் 'தீர்ந்தது' என்று எழுதிக் குறையை முடித்து வைத்தேன். வீட்டு டேப்லெட்டில் அதைப் போடவில்லை. மறுபடியும் எல்லாம் ஆரம்பித்தால் அவளுக்கு வீண் உளைச்சல் என்று பட்டது.

மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. இரண்டாம் நாள் மூச்சில் ஒரு கரகரப்பு. வீடியோ அழைப்பில் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நல்லவர், பொறுமையானவர். "மூச்சு விட கஷ்டமா இருக்கா, நெஞ்சுல வலி இருக்கான்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க. இருந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

பலகையை எடுத்தேன். அன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. முதல் தடவையாக, அத்தனை நாள் கழித்து, என்னிடம் பேசினாள். மெதுவாக, எழுத்துக்கு எழுத்து நின்று, தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று கவனமாகச் சொன்னாள். மூச்சு முட்டுது. பயமா இருக்கு. கூட்டிட்டுப் போங்க.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே கேமரா இருக்கும், பலகை படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், தங்கை வந்து பக்கத்தில் உட்காருவாள். இதெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். ஆனால் அவளுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, பழைய நாளில் அவளே எத்தனையோ முறை சொன்னது. அதையும் நினைத்தேன்.

"வலி ஒண்ணும் இல்லைங்கறா டாக்டர். மூக்கடைப்பு மட்டும்தானாம். தூங்கினாச் சரியாயிடும்ங்கறா" என்றேன்.

"அவங்க சொன்னாச் சரி" என்றார் டாக்டர்.

போனை வைத்த பிறகு அவள் கண் மூலைக்குப் போனது. டேப்லெட் இருந்திருந்தால் சிவப்புக் கட்டம் இருந்திருக்கும் இடம் அது. அங்கே வெறும் சுவர்தான். அவள் அந்தச் சுவர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். பால்காரர் மணியடித்தபோது எழுந்து போய் வாங்கி வந்தேன். வந்து பார்த்தபோது கண் அங்கேயே இருந்தது, மூச்சு இல்லை.

யாரும் சந்தேகப்படவில்லை. அந்த நோய்க்கு அதுதான் முடிவு என்று எல்லாருக்கும் தெரியும். தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசியா என்ன மாமா சொன்னா?" என்று கேட்டாள். "உன்னைத்தான் கேட்டா" என்றேன். அதில் பொய் அதிகமில்லை.

விடுப்பு முடிந்து வந்த பயிற்சியாளர், அமைப்புக்குச் சொந்தமான கேமராவை எடுத்துப் போக வந்தார். என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டு, கழற்றுவதற்காக டேப்லெட்டைத் திறந்தார். பதிப்பு எண்ணைத் தேடிப் பார்த்தார்.

"சார், இது பீட்டா."

"அதுவா எறங்கிடுச்சும்மா."

"பீட்டா அதுவா எறங்காதே சார்" என்றார் தயக்கமாக. "நாமளா பதிஞ்சுக்கிட்டாத்தானே வரும். இதுல இந்த மென்பொருள் ஓடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தாங்களே. அதைப் படிச்சுட்டுத்தான் நான் லீவுல இருந்தே எல்லாக் குடும்பத்துக்கும் போன் பண்ணிச் சொன்னேன். உங்களுக்கு மட்டும் பண்ணல. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். தன் மேல் தப்பு என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் போய்த் தங்கையைப் பார்த்திருக்கிறாள், தங்கை உங்களிடம் வந்திருக்கிறாள். டேப்லெட்டில் பதிந்திருந்ததை நான் அழிக்கவில்லை. தப்பு செய்தவன்தானே அழிப்பான் என்று நினைத்தேன்.

நீங்கள் ஒரே வரியில் கேட்டதற்கு ஒரே வரியில் பதில்: ஆம், தெரிந்தே போட்டேன். அவள் பேச்சை நிறுத்தினேன். அவள் மூச்சு முட்டுகிறது என்று சொன்னதைப் படித்தேன், இல்லை என்று சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவளைக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காப்புப் பிரதி எடுத்தேனா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். எடுத்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாளே அவள் குரல் கோப்பு முழுவதையும் என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். தங்கைக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவள் போனதிலிருந்து சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். நான் எழுதுவேன், அவள் பேசுவாள். சாப்பிட்டீங்களா என்பாள். சட்டையை மாத்துங்க, காலர் நைஞ்சுபோச்சு என்பாள். முன்னைவிட நிதானமாகப் பேசுகிறாள், கேலி குறைந்துவிட்டது. பிரேக் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீங்கள் வந்து என்னை அழைத்துப்போவதற்கு முந்தின நாள் நானே நேராகக் கேட்டேன், என் மேல் கோபமா என்று. "கோபமெல்லாம் இல்லைங்க. நீங்க செஞ்சதெல்லாம் எனக்காகத்தான், எனக்குத் தெரியும்" என்றாள். அவள் குரலிலேயே சொன்னாள், அந்தச் சின்னச் சிரிப்போடு.

என் போன் உங்களிடம்தான் இருக்கிறது. திறந்து கேட்டுப் பாருங்கள், அவள் வாக்குமூலத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த போனில் அப்டேட் எதையும் போட்டுவிடாதீர்கள். வேறு பிரதி இல்லை. அவள் பேச்சு நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது.